நடவுக்காரியின் பிள்ளையைப் பார்ப்பது யார்?

மேட்டூர் அணை திறந்து காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால், தஞ்சை ஜில்லாவில் எல்லோருக்கும் எல்லாக் கவலையும் வந்துவிடுகிறது. எத்தனை கன அடி திறந்தார்கள், வாய்க்கால் தூர்வாரியாயிற்றா, விதைநெல் உண்டா, உரம் உண்டா, நடவுக்கு ஆள் கிடைக்குமா என்று நிலக்காரர் கேட்கிறார், குத்தகைக்காரர் கேட்கிறார், சட்டசபையில் கேட்கிறார்கள், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் "நடவுக்கு ஆள்" என்று சொல்லப்படுகிற அந்த ஆள் ஒரு பெண். அவளுக்கு இடுப்பில் ஒரு பிள்ளையும், கையைப் பிடித்து நடக்க ஒரு பிள்ளையும் இருக்கக்கூடும். அவள் ஒரு கையில் நாற்று முடியைப் பிடித்து மறு கையால் சேற்றில் ஊன்றும்போது அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கும் என்ற கேள்வி மாத்திரம் யாருடைய கவலைப் பட்டியலிலும் இடம் பெறுவதில்லை.

திருவையாற்றைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, பழம் புடவையை மரக்கிளையில் ஏணையாகக் கட்டி, கைக்குழந்தையை அதில் போட்டுவிட்டு வயலில் இறங்குவது. இரண்டாவது, வீட்டிலே இருக்கிற எட்டு, ஒன்பது வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தம்பி தங்கையைப் பார்க்கச் சொல்லுவது. மூன்றாவது, கண் தெரியாத கிழவியிடம் விட்டுப் போவது. முதல் வழியில் குழந்தை வெயிலையும் எறும்பையும் பாம்பையும் நம்பியிருக்கிறது. இரண்டாவது வழியில் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் படிப்பைக் கொன்றுபோடுகிறோம். அப்படி நிறுத்தப்படுவதும் பெண் பிள்ளைதானே ஒழிய ஆண் பிள்ளையல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். மூன்றாவது வழியில், யார் யாரைப் பார்த்துக்கொள்ளுகிறார்கள் என்பதே தெரியாது.

இதோடு போகவில்லை. ஐந்து ஆறுகளின் பெயரால் பெருமை பேசுகிற ஊர் இது. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று ஐந்தையும் எண்ணிச் சொல்லுவார்கள். அவற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால்கள் குடிசை வாசல் வரைக்கும் ஓடுகின்றன. எந்தத் தண்ணீர் வந்ததும் தாய்க்கு வயலில் வேலை வருகிறதோ, அதே தண்ணீர்தான் தவழுகிற பிள்ளைக்கு எமனாகவும் வருகிறது. தாய் வீட்டில் இல்லாத நாளும் வாய்க்கால் நிறைந்து ஓடுகிற நாளும் ஒரே நாளாய் இருக்கின்றன. பிள்ளை தவறி விழுந்து செத்துப்போனால் "விதி" என்கிறார்கள். "ஆயுசு அவ்வளவுதான்" என்கிறார்கள். பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த ஆயுசு நீண்டிருக்குமா, இருக்காதா என்று நாம் கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு விடை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை. நம்மைப்போலவே நெல்லும் ஆறும் குட்டையுமாக உள்ள வங்காள தேசத்தில் இதைக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அங்கே சிறு பிள்ளைகள் நீரில் மூழ்குவது பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இடையில், அதாவது பெரியவர்கள் வேலையில் இருக்கிற நேரத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது என்று கண்டார்கள். அந்த நேரத்திற்குப் பிள்ளைகளை வைத்துப் பார்க்க ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் காப்பகம் வைத்து, பயிற்சி கொடுத்த ஒரு பெண்ணை நியமித்தார்கள். அந்தக் காப்பகங்களில் சேர்ந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கிச் சாவது பத்தில் எட்டு பங்குக்கு மேல் குறைந்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் இந்த வழியைச் சிபாரிசு செய்திருக்கிறது. 2022இல் வங்காள தேசத்து அரசாங்கம் இப்படிப்பட்ட 8,000 நிலையங்களுக்குத் திட்டம் ஒப்புக்கொண்டது. அங்கே விதி ஒரு பாயும் ஒரு கதவும் ஓர் ஆளும் வைத்ததும் மாறிவிட்டதென்றால், அது என்ன விதி?

நிற்க, பிள்ளைக் காப்பகம் என்று சொன்னவுடன் நம் பெரியவர்கள் சிலர், "குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கலாமா? பெற்றவள் வளர்க்காத பிள்ளை பிள்ளையாகுமா? இது மேனாட்டு வழக்கமல்லவா?" என்று கேட்பார்கள். இப்படிக் கேட்பவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: நீங்கள் கும்பிடுகிற முருகனுக்குப் பால் கொடுத்தவர்கள் யார்? ஆறு கார்த்திகைப் பெண்கள் என்று நீங்களே சொல்லுகிறீர்கள். கிருஷ்ணனைப் பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்று நீங்களே கதை சொல்லுகிறீர்கள். உங்கள் கடவுளுக்கு ஆறு பேர் சேர்ந்து பால் கொடுத்தால் அது திருவிளையாடல். நடவுக்காரியின் பிள்ளைக்கு ஓர் ஆயா கஞ்சி கொடுத்தால் அது தாய்மைக்குக் கேடா?

பெரிய வீடுகளில் பிள்ளையைத் தாயே வளர்த்தாளா என்பதையும் நேர்மையாகச் சொல்லட்டும். அங்கே பால் கொடுக்க ஒருத்தி, எடுத்து வைத்திருக்க ஒருத்தி என்று ஆள் இருந்தது. இன்றைக்கும் பணமுள்ளவர் நகரங்களில் மாதச் சம்பளத்திற்கு ஆள் வைத்துக்கொள்ளுகிறார்; அல்லது பணம் கட்டிக் காப்பகத்தில் விடுகிறார். அதை யாரும் பாவம் என்று சொல்லுவதில்லை. ஆகவே, தாயைவிட்டுப் பிள்ளை பிரிவது பிரச்னையே அல்ல. கூலிக்காரியின் பிள்ளைக்கு ஒரு செலவு செய்யவேண்டி வருகிறதே என்பதுதான் பிரச்னை.

இதே காவிரிப் பக்கத்தில், சீகாழியிலே ஒரு கதை சொல்லுகிறார்கள். தகப்பனார் குளத்தில் முழுகப் போனார், மூன்று வயதுப் பிள்ளை கரையில் தனியாக நின்று அழுதது, உடனே அம்மை ஓடி வந்து பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள் என்பது கதை. நல்லது. அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையோ அந்த வீட்டுக்கு அம்மை வந்தாள். எத்தனையோ தலைமுறையாக எத்தனையோ ஆயிரம் பள்ளர், பறையர் வீட்டுப் பிள்ளைகள் வரப்பின்மேல் கிடந்து அழுதிருக்கின்றனவே, அவற்றில் ஒன்றுக்காவது ஒரு கிண்ணம் பால் கொண்டு வந்ததாக எந்தப் புராணத்திலாவது எழுதி வைத்திருக்கிறார்களா? பால் வராதது மட்டுமா? தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும்தான் வந்தன. 1940களில் கூலிக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து போராடின பிறகுதான் அவை ஒழிந்தன. அழுது வராத நியாயம் சேர்ந்து கேட்டதும் வந்தது என்பதே இந்த ஜில்லாவின் சரித்திரம்.

இனி, பிள்ளைக் காப்பகம் என்பது புதுமையான காரியமா என்று பார்ப்போம். ஸ்காட்லாந்து தேசத்தில் நியூ லானார்க் என்ற பஞ்சாலை ஊரில் ராபர்ட் ஓவன் என்பவர் 1816இலேயே, நடக்கத் தெரிந்த பிள்ளை முதற்கொண்டு சேர்த்துக்கொள்ளும் பள்ளி நடத்தினார். பாரிஸ் நகரத்தில் 1844இல் மார்போ என்பவர் ஏழை வேலைக்காரிகளின் கைக்குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் திறந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விடவே, பெண்களை ஆயுதத் தொழிற்சாலைக்கு அழைப்பதற்காக அமெரிக்க அரசாங்கம் பணம் கொடுத்து ஆயிரக்கணக்கான காப்பகங்களை நடத்தச் செய்தது. யுத்தம் முடிந்ததும் 1946இல் அந்தப் பணத்தை நிறுத்திற்று. அதாவது, பெண்ணின் கை வேண்டியிருந்தபோது தாய்மை ஒன்றும் கெடவில்லை. வேண்டாம் என்றபோது தாய்மையின் பெருமை திரும்ப வந்துவிட்டது!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைக்குக் கூலிகளாகப் போன தமிழர்களைக் கேளுங்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று ஓர் அறை உண்டு. கொழுந்து பறிக்கப் போகிற பெண் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போவாள். ஓர் ஆயா பார்த்துக்கொள்ளுவாள். வெள்ளைத் துரைக்குத் தமிழ்ப் பிள்ளைமேல் பிரியம் பொங்கியதால் அது ஏற்பட்டதென்று நாம் சொல்லவில்லை. முதுகில் பிள்ளை இருந்தால் கூடையில் கொழுந்து குறையும் என்று அவன் கணக்குப் போட்டான். எப்படியோ ஓர் அறை வந்தது. நம் நாட்டிலும் 1951இல் செய்யப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்றது. ஆகவே மலையில் தேயிலைக்குப் போன தமிழச்சிக்குக் கிடைத்த அறை, கீழே நெல்லுக்குக் குனிந்த தமிழச்சிக்குக் கிடைக்கவில்லை. ஏன்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் சட்டங்கள் எல்லாம் முதலாளியை எண்ணி எழுதப்பட்டவை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் என்றது. 1976இல் அதை முப்பது என்று குறைத்தார்கள். 2017இல் பிரசவ உதவிச் சட்டத்தைத் திருத்தி ஐம்பது பேர் வேலை செய்யும் இடம் என்றார்கள். இவற்றுக்கெல்லாம் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களும் ஐம்பது என்றே சொல்லுகின்றன. ஐம்பது பெயர் ஒரே பதிவேட்டில் இருந்தால் பிள்ளைக்குத் தொட்டில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நடவுக்காரி எந்தப் பதிவேட்டில் இருக்கிறாள்? திங்கட்கிழமை ஒருவர் வயல், செவ்வாய்க்கிழமை மற்றொருவர் வயல், மறு வாரம் ஆற்றுக்கு அக்கரையில் என்று பதினைந்து இருபது பெண்கள் கூட்டமாகப் போகிறார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு முப்பது முதலாளி. ஆனால் பிள்ளை விஷயத்தில் பொறுப்பாளி ஒருவர்கூட இல்லை. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் ஒன்றுதான், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வேலைத்தளத்திற்கு வந்தால் வந்த பெண்களில் ஒருத்தியைப் பிள்ளை பார்க்க வைத்து அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதிற்று. நல்ல எழுத்து. ஆனால் அது தனியார் வயலைத் தொடவில்லை.

"நடவு யந்திரமும் அறுவடை யந்திரமும் வந்துவிட்டன, இனி இந்தப் பேச்சு எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். யந்திரம் வந்ததால் பெண்ணின் வயிறு காணாமற் போய்விடவில்லை. வயலில் வேலை குறைந்தவள் தஞ்சாவூர் ஜவுளிக் கடைக்குப் பஸ் ஏறுகிறாள். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறாள். வரப்பிலாவது ஒரு மரம் இருந்தது. கடைக்குள் ஏணை கட்ட முதலாளி விடுவாரா? படிக்கிற பெண்ணின் நிலையும் இதுதான். கல்லூரிப் படிப்பு முடிவதற்குள் கலியாணத்தைச் செய்துவிடுகிறார்கள். பிள்ளை பிறந்ததும் படிப்பு நின்றுவிடுகிறது. அவள் கணவன் படிப்பு நின்றதாக யாராவது கேட்டதுண்டா? ஆகவே காப்பகம் என்பது கூலிக்காரிக்கு மட்டும் வேண்டிய காரியமல்ல. வெளியே போய்ச் சம்பாதிக்கவோ படிக்கவோ விரும்புகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அது வாசற்படி.

நாம் புதிதாக ஒரு மாளிகை கட்டச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஊருக்கு ஓர் அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேல் இருக்கின்றன. பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை நகரசபை 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கிற்று, 1956இல் காமராஜர் அதைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டு போனார், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பள்ளிக்குப் போகாத சிறு பிள்ளைகளுக்கும் சோறு என்றாயிற்று. இவ்வளவும் நடந்த நாடு இது. எனவே அங்கன்வாடியை நாம் குறை கூறவில்லை. அது பாதி வழியில் நிற்கிறது என்றுதான் சொல்லுகிறோம்.

எப்படியென்றால், நடவுக்காரி பொழுது விடியுமுன் எழுந்து ஆறு, ஏழு மணிக்கெல்லாம் வயலில் இருக்கிறாள். அங்கன்வாடியோ அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் திறக்கிறது. கடையில் நிற்கிறவள் இரவு வீடு திரும்புகிறாள். அங்கன்வாடி பிற்பகலிலேயே பூட்டப்படுகிறது. மேலும், அங்கே உட்கார்ந்து சோறு தின்பது இரண்டு வயது தாண்டிய பிள்ளை. அதற்குக் கீழ்ப்பட்ட கைக்குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்தனுப்புகிறார்களே தவிர, குழந்தையை வைத்துக்கொள்ளுவதில்லை. எந்த வயதுப் பிள்ளையை ஒரு நிமிஷம்கூடத் தனியே விடக் கூடாதோ அந்த வயதுப் பிள்ளைக்கு இடமில்லை! மத்திய அரசாங்கம் 2022இலிருந்து "பால்னா" என்ற பெயரில், ஆறு மாதக் குழந்தை முதற்கொண்டு பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக் காப்பகங்கள் வைப்பதாகச் சொல்லுகிறது. அதன் இலக்கே நாடு முழுமைக்கும் 17,000தான். நாட்டில் உள்ள அங்கன்வாடிகளோ ஏறக்குறைய பதினாலு லட்சம். எண்பது ஊரில் ஓர் ஊர்ப் பிள்ளைக்குத் தொட்டில். மற்ற ஊர்ப் பிள்ளைக்கு ஏணை!

இருக்கிற அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண்ணின் தலையிலேயே இதையும் கட்டிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாடம், சோறு, எடை போடுதல், கணக்கு எழுதுதல் எல்லாம் அவள் செய்கிறாள். அந்த வேலையைத் தொண்டு என்றும் சேவை என்றும் புகழ்ந்து சம்பளத்தைக் குறைப்பது பழைய தந்திரம். இந்தப் பெண்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு வேண்டியிருந்தது. பிள்ளை பார்ப்பது வேலை. வேலைக்குச் சம்பளம் உண்டு. கைக்குழந்தைகளுக்குத் தனியே ஓர் ஆளும் ஓர் உதவியாளும் வேண்டும். அவர்களுக்கு முழுச் சம்பளமும் வேண்டும். வேலை நடக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு காப்பகம் போவதும் முடியாத காரியமல்ல. டில்லியில் மீரா மகாதேவன் என்ற அம்மையார் 1969இல் கட்டட வேலை நடந்த இடத்திலேயே சித்தாள்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் தொடங்கி நடத்திக் காட்டினார்.

"பணம் எங்கே?" என்று கேட்பார்கள். திருவையாற்றில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் சித்திரையில் இங்கே ஏழூர் விழா நடக்கிறது. ஐயாறப்பரைப் பல்லக்கில் வைத்துத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுமந்துகொண்டு போய்த் திரும்புகிறார்கள். எதற்காக என்று கேட்டால், உழவுச்சாலில் பெட்டியில் கிடைத்த நந்தி என்ற பிள்ளைக்குக் கலியாணம் நடந்ததாம். அதற்கு ஓர் ஊர் பழம் கொடுத்ததாம், ஓர் ஊர் சோறு கொடுத்ததாம், ஓர் ஊர் பூவும் ஓர் ஊர் நெய்யும் கொடுத்தனவாம். கதையை நாம் நம்பவில்லை. ஆனால் நம்புகிறவர்களைக் கேட்கிறோம்: கண்டெடுத்த ஒரு பிள்ளைக்கு ஏழூரும் பொறுப்பு என்றல்லவா உங்கள் கதை சொல்லுகிறது? அந்த ஏழூரிலும் இன்று கண்ணுக்கு முன்னால் தவழுகிற பிள்ளைகளுக்கு ஏழூரும் ஏன் பொறுப்பாகக் கூடாது? சமஸ்கிருதத்திற்கென்று இருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழையும் கற்பிக்கும்படி, ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் 1920களில் செய்து காட்டவில்லையா? மனமிருந்தால் ஒன்றுக்கென்று ஒதுக்கிய பொருளையும் இடத்தையும் மக்களுக்குப் பயன்படும்படி திருப்பலாம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

இன்னொன்று. காப்பகத்தில் தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பாயில் தூங்கி, ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்ன வேண்டும். சிலருக்குக் காப்பகத்தின்மேல் உள்ள கோபத்தின் வேர் இதுதான். 2018இல் திருப்பூர் ஜில்லாவில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைக்கக் கூடாதென்று கலகம் செய்தார்களே, அது பழங்காலத்துச் செய்தியல்ல. இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சாதி தெரியாது. அது தெரிந்துகொள்ளுவதற்கு முன்னாலேயே எல்லோர் கையாலும் தின்று பழகிவிட்டால், பிறகு அதற்குச் சாதியைக் கற்பிப்பது கஷ்டம். நாம் நூறு மேடையில் பேசிச் செய்ய முடியாத வேலையை ஒரு நல்ல காப்பகம் சப்தமில்லாமல் செய்துவிடும்.

தோழர்களே! பிள்ளை தாய்க்கு மட்டும் பிறப்பதில்லை. "வேலைக்குப் போகும் தாய்மாரின் பிரச்னை" என்று இதை எழுதுகிறார்களே, தகப்பன் எங்கே போனான்? பெண்டாட்டி கொண்டுவரும் கூலியில் சாப்பிடுகிற நீங்கள், அவள் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போகிறாள் என்று கேட்காமல் இருப்பது ஆண்மையல்ல. ஆகவே இது பெண்கள் மட்டும் கேட்க வேண்டிய காரியமல்ல. முதலில் நீங்கள் எழுந்து கேட்க வேண்டிய காரியம்.

மே 1ஆம் தேதியும், ஆகஸ்ட் 15ஆம் தேதியும், அக்டோபர் 2ஆம் தேதியும், ஜனவரி 26ஆம் தேதியும் உங்கள் ஊரில் கிராமசபை கூடுகிறது. அங்கே போய் நான்கு தீர்மானங்கள் கொண்டு வாருங்கள். அங்கன்வாடி நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் வயல் வேலை தொடங்கும் நேரத்திற்கே திறக்க வேண்டும். வேலை முடிந்து தாய் வரும் வரையில் மூடக் கூடாது. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட கைக்குழந்தைக்கும் அங்கே இடம் வேண்டும். அதற்கென்று தனி ஆட்கள் முழுச் சம்பளத்தில் வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் உள்ள கட்டடத்திற்குச் சுவரும் கதவும் வேண்டும். தீர்மானம் நிறைவேறினால் அதைப் புத்தகத்தில் எழுதும் வரையில் எழுந்து வராதீர்கள். நிறைவேறாவிட்டால் யார் எதிர்த்தார்கள் என்று பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் அவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவார், அப்போது கேட்டுக்கொள்ளலாம்.